விபத்து நஷ்டஈடும் வக்கீல் ஊதியமும்

சாலை விபத்தில் கால் முறிந்த நெசவாளிக்கு இரண்டு கவலைகள் உண்டு. தறி என்ன ஆகும் என்பது ஒன்று. வழக்குச் செலவுக்குப் பணம் ஏது என்பது மற்றொன்று. இரண்டாம் கவலையை அறிந்தே ஆஸ்பத்திரிக் கட்டிலருகே தரகர் ஒருவர் வந்து நிற்கிறார். "இப்போது ஒரு காசும் வேண்டாம்; வருவதில் மூன்றில் ஒரு பங்கு தந்தால் போதும்" என்கிறார்; வெற்றுத்தாளில் கையொப்பமும் வாங்கிக்கொள்கிறார். இவ்வேற்பாடு சட்டப்படி செல்லுமா என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

அமெரிக்காவில் இது செல்லும். காயமுற்றவருக்காக வழக்காடும் வக்கீல், வென்றால் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். தோற்றால் ஊதியம் இல்லை. நம் நாட்டிலோ, வழக்கின் முடிவைப் பொறுத்து ஊதியம் பேசுவதையும், கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதையும் இந்திய வக்கீல் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. இது தொழில் ஒழுங்கீனம் என்பது 1954-லேயே சுப்ரீம் கோர்ட்டில் தீர்ந்த விஷயம். விபத்தில் கணவரை இழந்த தெலங்கானாப் பெண்மணி ஒருவரிடம், நஷ்டஈட்டில் நூற்றுக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டு ஊதியம் கோரி, அதற்காகப் பெற்ற செக்கின்மீது வழக்கும் தொடர்ந்தார் அவருடைய வக்கீல். 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு அவ்வழக்கை ரத்துச் செய்தது.

ஆகவே பேச வேண்டியது நிலையான ஒரு தொகை. அதைத் தவணையாகவோ பின்னரோ கொடுப்பதில் தவறில்லை; வெற்றி தோல்விக்கேற்ப மாறாதிருந்தால் சரி. பேசியதை எழுதி வாங்குக; கொடுத்ததற்கு ரசீது பெறுக. வக்கீல் உழைப்புக்கு உரிய ஊதியத்தை மறுப்பதும் நியாயமன்று. அவ்வுழைப்பு பெரிது.

போலீஸ் அறிக்கை, வாகனத்தின் இன்ஷூரன்ஸ் விவரம், வைத்தியச் செலவு ரசீதுகள் ஆகியவற்றைச் சேர்த்து, மோட்டார் விபத்து நஷ்டஈட்டு டிரிபியூனலில் அவர் மனுச் செய்கிறார். விபத்து நடந்த இடத்தில்தான் என்பதில்லை. தாம் வசிக்கும் பகுதியின் டிரிபியூனலிலும் செய்யலாம். 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும். இத்திருத்தம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. இக்கெடு பற்றிக் கோர்ட்டுகளில் வாதம் எழுந்துள்ளதாயினும், அதை நம்பிக் காலம் தாழ்த்துதல் கூடாது.

வக்கீலின் திறமை உண்மையில் வெளிப்படுவது ஊனத்தைக் கணக்கிடும் இடத்தில். காலில் 20 சதவீத ஊனம் என்று டாக்டர் சான்று தருகிறார் என்று கொள்வோம். நாற்காலியில் அமர்ந்து எழுதும் குமாஸ்தாவுக்கு அதனால் வருமானம் குறையாமலே போகலாம். குழித்தறியில் மிதி மிதித்து நெய்பவருக்கோ பாதிப் பிழைப்பே போய்விடக்கூடும். உடல் ஊனத்தையன்று, அதனால் பிழைப்பு எவ்வளவு குறைந்தது என்பதையே பார்க்க வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியுள்ளது.

ஓர் உதாரணம். வயது 38, மாதக் கூலி 12,000 ரூபாய் என்க. வருஷத்திற்கு 1,44,000. நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழிலாளருக்கு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க, 2,01,600 ஆகிறது. அவ்வயதிற்கான பெருக்கெண் 15. ஆகப் பெருக்க 30,24,000. இழப்பு 20 சதவீதம் என்றால் கிடைப்பது 6,04,800. 50 சதவீதம் என்று நிரூபித்தால் 15,12,000. வைத்தியச் செலவும் வேதனைக்கான தொகையும் தனி. தறியில் காலின் வேலை என்ன என்பதை டிரிபியூனலுக்குச் சாட்சியம் மூலம் புரியவைத்தாரா என்பதில் இருக்கிறது இந்த ஒன்பது லட்ச வித்தியாசம்.

மாதக் கூலி 12,000 என்பதற்கு ஆதாரம் எது? நம் சங்கத்தின் கூலிப் பாஸ் புத்தகமே. விவசாயிக்குப் பால் சங்க ஏடும் ஆலை ரசீதும் அவ்வாறே உதவும். தணிக்கையின்போது நான் காணும் குறை ஒன்று: மனைவி பாவு ஓட்டினாலும் தார் சுற்றினாலும், கூலி கணவர் பெயரிலேயே ஏறுகிறது. அவ்வம்மையாருக்கு விபத்து நேர்ந்தால், அவர் சம்பாதித்தார் என்று காட்ட ஏட்டில் ஒரு வரியும் இராது. காரியதரிசிகள் இதை இம்மாதமே கவனிக்க.

நஷ்டஈட்டுத் தொகை பாதிக்கப்பட்டவரின் சொந்த பாங்குக் கணக்கிலேயே சேர வேண்டும். பாஸ் புத்தகத்தையும் கையொப்பமிட்ட வெற்றுச் செக்கையும் எவரிடமும் கொடுத்துவைக்க வேண்டாம். வக்கீலை மாற்ற விரும்பினால் மாற்றலாம். ஊதிய பாக்கியைக் காட்டி வழக்குக் காகிதங்களைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமையில்லை என்று 2000-ல் தீர்ப்பாகியுள்ளது. பாக்கியைத் தனியே கேட்டுப் பெற வேண்டியதுதான்.

ஊதியம் கொடுக்க வழியே இல்லாதவர், கோர்ட்டு வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் வக்கீலை இலவசமாக அமர்த்துவார்கள். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர் ஆகியோருக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.