மேடை ஏறினால் கூச்சம் போய்விடுமா?

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் பலர் சொல்லும் காரணம், "தன்னம்பிக்கை வரும்" என்பது. வரத்தான் செய்யும். எதனால் வருகிறது என்பதில்தான் குழப்பம்.

நம்பிக்கை 1: மேடையேற்றினால் கூச்சம் தெளியும்.
உண்மை: பாடம் படியாத பிள்ளையை மேடையேற்றினால் பயம்தான் கூடும். முன்பு வராததைத் தானே செய்து முடிக்கும் அனுபவம்தான் 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு முதல் ஊற்று என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா, 1977இல். கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையையே பாருங்கள். கை ஆதி தாளம் போடுகிறது: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு இருமுறை தட்டும் வீச்சும். முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், சிக்கலில்லை. மூன்றாம் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்குள் நான்கு சுரம்; வாய் ஓட, கையும் கூடவே ஓடிவிடும். ஆசிரியர் நிறுத்துவார், மறுபடி முதலிலிருந்து. சில வாரங்களில் தாளம் பிசகாமல் நிலைக்கும். 'சபாஷ்' வருமுன்பே அது பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

நம்பிக்கை 2: இசை கற்றால் மதிப்பெண் ஏறும்.
உண்மை: மாண்ட்ரியலில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்றாண்டு இலவசமாகப் பியானோ கற்பித்து ஆராய்ந்தார் யூஜினியா கோஸ்டா-ஜியோமி. 2004இல் வெளியான முடிவின்படி சுயமதிப்பு உயர்ந்தது. கணிதத்திலும் மொழியிலும் மற்றப் பிள்ளைகளை அவர்கள் முந்தவில்லை. கற்கக்கூட வேண்டாம், மொஸார்ட்டின் இசையைக் கேட்டாலே குழந்தைக்கு மூளை வளரும் என்ற பேச்சு 1993 ஆய்வு ஒன்றிலிருந்து கிளம்பியது. அதில் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். பலன் நீடித்தது 10, 15 நிமிடம்.

நம்பிக்கை 3: குரல்வளம் இல்லாத பிள்ளைக்கு இது வீண்.
உண்மை: பிறவியிலேயே சுருதி பிடிபடாதவர்கள் நூற்றுக்கு ஓரிருவர்தான். மற்றவர்களுக்குக் கேட்டுக் கேட்டுப் பாடினால் சுருதி சேரும். பாட விருப்பமில்லையா? மிருதங்கமும் வீணையும் இருக்கின்றன.

நம்பிக்கை 4: பெரிய நிலையத்தில் சேர்த்தால்தான் பலன்.
உண்மை: 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பிரிக்பீல்ட்ஸில் இருப்பது நல்ல வாய்ப்புதான். ஆனால் மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்காகக் கோயிலில் தேவாரம் பழகும் பிள்ளைக்கும் இதே உழைப்பு உண்டு. உறுமி மேளக் குழுவிலோ, பக்கத்தில் அடிப்பவரைக் கேட்டபடியே தன் அடியை விடாமலிருக்கவும் பழக வேண்டும்.

விருந்தாளி வந்ததும் "பாடிக் காட்டு" என்று பிள்ளையை இழுத்து நிறுத்தாதீர்கள். போன மாதம் வராத எது இப்போது வருகிறது என்று கேளுங்கள். பதில் இருந்தால் கட்டணம் வீண்போகவில்லை. மாதக்கணக்கில் பதிலே இல்லையென்றால், பிள்ளையைக் கடியாமல் ஆசிரியரிடம் பேசுங்கள்.