வெரிகோஸ் வெயின்: முதலில் டாப்ளர், அப்புறம் லேசரா பசையா

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் காலில் சிரை சுருண்டு புடைத்தவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "லேசர் நல்லதா, க்ளூ நல்லதா?" கையில் இரண்டு மருத்துவமனைகளின் செலவு மதிப்பீடு இருக்கும், டாப்ளர் ரிப்போர்ட் இருக்காது. எந்தச் சிரையில் வால்வு கெட்டிருக்கிறது என்று தெரியாமல் சிகிச்சைகளை ஒப்பிடவே முடியாது.

ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். கையில் காசு குறைவென்றால் பி.ஜி. ஆஸ்பத்திரி என்று ஊரே சொல்லும் எஸ்எஸ்கேஎம் அரசு மருத்துவமனை இருக்கிறது. 2 ரூபாய் சீட்டு. காலையிலேயே போய்விட வேண்டும்.

அடுத்தது டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைத் திரையில் காட்டும் ஸ்கேன். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். படுக்க வைத்து மட்டும் எடுத்தால் வால்வின் கசிவு சரியாகத் தெரியாது. நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். உடல் எடையை மறுகாலில் தாங்கி, பார்க்க வேண்டிய காலைத் தளர்த்தி நிற்பீர்கள். பரிசோதிப்பவர் கெண்டைக்காலைப் பிடித்து அழுத்திச் சட்டென்று விடுவார். அழுத்தும்போது ரத்தம் மேலே ஏறும். விட்டதும் நின்றுவிட வேண்டும். கெட்ட வால்வில் அது கீழே திரும்பி வழியும், திரையில் நிறம் மாறும். அந்த வழிதல் அரை விநாடிக்கு மேல் நீடித்தால் கசிவு என்று எழுதுவார்கள்.

ரிப்போர்ட்டை வாங்கியதும் அங்கேயே நின்று நான்கு விஷயம் இருக்கிறதா பாருங்கள். ஆழ்சிரைகளில் ரத்தக்கட்டு உண்டா இல்லையா, கசிவு தொடை வழியே போகும் நீள சஃபீனஸ் சிரையிலா, கெண்டைக்காலின் குட்டை சஃபீனஸிலா, எத்தனை விநாடி, சிரையின் அகலம் எத்தனை மில்லிமீட்டர். "சிரைகள் புடைத்துள்ளன" என்று மட்டும் எழுதியிருந்தால் அது ரிப்போர்ட்டே இல்லை, அது கண்ணுக்கே தெரிகிறது. திரும்பக் கேளுங்கள், தயங்காதீர்கள். ஆழ்சிரையில் பழைய அடைப்பு இருந்தால், புடைத்த சிரைதான் ரத்தத்தை மாற்றுவழியில் கொண்டுபோய்க்கொண்டிருக்கலாம். அதை யோசிக்காமல் மூடிவிடக் கூடாது.

இனி ஒப்பிடலாம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2013இல் வகுத்த வரிசையை நான் நம்புகிறேன்: முதலில் வெப்பத்தால் மூடுவது, அது ஒத்துவராவிட்டால் நுரை ஊசி, அதுவும் முடியாவிட்டால் அறுவை. லேசரும் ரேடியோ அலையும் வெப்ப முறைகள். சிரையைச் சுற்றி மரத்துப்போகும் திரவத்தை வரிசையாக ஊசி போட்டு நிரப்பி, உள்ளே நுழைத்த மெல்லிய குழாயால் சுட்டு மூடுவார்கள். பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் மருத்துவர் எதை அதிகம் செய்கிறாரோ அதையே செய்துகொள்ளுங்கள். சிரையை ஒட்டி மூடும் பசை (க்ளூ) முறையில் அந்த ஊசி வரிசை கிடையாது, சூடும் கிடையாது. ஆனால் விலை கூடுதல். சிலருக்குச் சிரையின் மேல்தோல் சிவந்து தடிக்கும். நுரை மலிவு, ஆனால் திரும்பத் திரும்பப் போட வேண்டிவரலாம், தோலில் பழுப்புக் கறையும் விழலாம். 2019இல் வந்த பிரிட்டனின் கிளாஸ் ஆய்வின் ஐந்தாண்டு முடிவில் லேசரும் அறுவையும் செய்துகொண்டவர்களே நுரை போட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். பழைய முறை அறுவையைக் கேவலமாக நினைக்க வேண்டாம். வீடு திரும்பி எழ நாளாகும், அவ்வளவுதான்.

காலில் புண் வந்துவிட்டால் ஒப்பிட்டுக்கொண்டே மாதங்களைக் கடத்தாதீர்கள். சீக்கிரம் சிரையை மூடினால் புண்ணும் சீக்கிரம் ஆறுகிறது என்று 2018இல் எவ்ரா ஆய்வு காட்டிவிட்டது.

இறுக்கக் காலுறை சிகிச்சைக்குப் பதிலாகாது. சிகிச்சை செய்துகொள்ள முடியாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் அது முதல் வழி. சர்க்கரை நோயாளிகள் காலின் தமனி ஓட்டத்தைப் பார்க்காமல் இறுக்கக் காலுறை போடவே கூடாது. போடும்போது குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பி, காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே போட்டுவிடுங்கள். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டால் துணி வழுக்காது.

மதிப்பீடு கேட்கும்போது எல்லா இடத்திலும் ஒரே கேள்விகள்: ஒரு காலுக்கா, இரண்டுக்குமா? லேசர் இழையோ ரேடியோ குழாயோ சேர்த்தா? மிச்சமிருக்கும் கிளைச்சிரைகளை எடுப்பது சேர்த்தா, அதற்குத் தனிக் காசா? பின்னால் பார்க்கும் டாப்ளர்? இவற்றை எழுதித் தராத இடத்தில் நான் பணம் கட்டமாட்டேன். காப்பீட்டில் வெரிகோஸ் வெயினுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு காத்திருப்பு உண்டு. பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். ஸ்வாஸ்த்ய சாத்தி அட்டை உள்ளவர்கள் எந்த முறை அதில் அடங்குகிறது என்று மருத்துவமனையின் உதவி மேசையில் முன்பே கேட்டுவிடுங்கள்.

நாள் குறிப்பதற்கு என் விதி, காளி பூஜை கழிந்து பிப்ரவரி வரை. வங்காளத்துப் பாத்ரா மாதப் புழுக்கத்தில், சிகிச்சைக்குப் பின் தொடை வரை காலுறை போட்டுப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். கடியாஹாட் புடவைக் கடைகளில் நாளெல்லாம் நிற்பவர்களுக்குப் பூஜைக்கு முன் விடுப்பும் கிடைக்காது.

வேலூருக்கே போய்விடலாமா என்று கேட்பவர்கள் இந்த ஊரில் நிறைய. சிக்கலான ஆழ்சிரை அடைப்பு என்றால் போங்கள். சாதாரண சஃபீனஸ் கசிவுக்கு அவசியமில்லை. சிகிச்சை முடிந்த கையோடு ஹவுரா வரை ஒரு நாளுக்கு மேல் ரயிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்து. போனீர்களானால் மருத்துவர் சொல்லும் வரை அங்கேயே தங்கி, தினமும் நடங்கள். பிறகு ரயிலிலும் மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ வீடு வரட்டும் என்று காத்திராமல், அடுத்த பெரிய ஸ்டேஷனிலேயே இறங்கி அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.