ஆன்டெனாவுக்கும் சுழிப்பிழை உண்டு!

வெர்னியர் அளவியில் அளக்கும் முன் தாடைகளைச் சேர்த்துச் சுழிப்பிழை பார்க்கணும்னு அறிவியல் டீச்சர் சொல்வாங்க இல்லையா? ஹாம் ரேடியோவிலும் அப்படித்தான்.

உரிமம் வாங்கிய ஹாமான என் மாமாவிடம் நானோவிஎன்ஏ என்ற குட்டிக் கருவி இருக்கிறது. ஆன்டெனாவுக்கு மெல்லிய சிக்னல் அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று திரையில் கோடாகக் காட்டும். நிறைய திரும்பினால் ரேடியோ செட்டே சூடாகிக் கெட்டுப்போகலாம்.

நம் நாட்டில் ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் உண்டு. அதனால் கருவியில் 140 முதல் 150 வரை வைப்போம். பிறகு திறந்த சுற்று, குறுக்குச் சுற்று, 50 ஓம் என்று மூன்று மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி அளவு பதிய வைக்கணும். ஆன்டெனா மாட்டும் கேபிள் முனையிலேயே திருகணும், அதுதான் முக்கியம். கருவியிலேயே திருகினால் கேபிளையும் சேர்த்து அளந்துவிடும். அதிர்வெண் எல்லையை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. (மாமாவுக்கு இதில் பொறுமையே கிடையாது!)

சரிபார்க்க, 50 ஓம் மூடியைத் திரும்ப மாட்டினால் எஸ்டபிள்யூஆர் 1-ஐ ஒட்டி நிற்கும். இனி ஆன்டெனா. கோட்டின் பள்ளம் 145-க்குப் பதில் 142-இல் விழுந்தால் கம்பி நீளம் அதிகம். சுமார் அரை மீட்டர் கம்பியில் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம்! நறுக்கிட்டா ஒட்ட முடியாது. அரை சென்டிமீட்டர் வெட்டி, மறுபடி அளந்து பார்த்துத்தான் அடுத்த வெட்டு.