குளிர் எல்லாத் தாக்கத்தையும் நிறுத்துமா?

அன்புள்ள பிள்ளைக்கு,

மன்னார் மணலின் இல்மனைட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. ஆனால் போகிற போக்கில், “தனிப்பூச்சியத்தை நெருங்கினால் எந்தத் தாக்கமும் நடக்காது” என்றும் எழுதியிருக்கிறாய். ரியூசன் குறிப்புகள் எல்லாம் ஒப்புவிக்கிற இந்த வசனத்தைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். தாக்கம் நடக்கத் தாண்டவேண்டிய ஏவற்சக்தித் தடை இருந்தால்தான் குளிர் மறிக்கும். தடையே இல்லாவிட்டால்?

நீ கேட்ட இல்மனைட்டில் உள்ள தைத்தேனியத்தையே எடுத்துக்கொள். அதை ஆவியாக்கி, காபனீரொட்சைட்டோடு 20 கெல்வினுக்குக் கீழே உறையவிட்டு, செந்நிறக்கீழ்க் கதிரால் பார்க்கலாம். பிரான்சின் மசெற்றியும் திராங்கீயும் 1988 இல் அப்படிப் பார்த்தார்கள். தனித்த தைத்தேனிய அணு தானாகவே காபன்–ஒட்சிசன் பிணைப்புக்குள் நுழைந்திருந்தது. இரும்பு அணுவோ மூலக்கூற்றை உடைக்காமல் ஒட்டிக்கொண்டதோடு சரி.

நிறமாலையில் தெரியும் கோடு தைத்தேனியத்துடையதுதான் என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஐந்து உறுதியான சமதானிகள்: 46 முதல் 50 வரை. 48 மட்டும் ஏறத்தாழ 74%. ஆகவே தைத்தேனியம்–ஒட்சிசன் அதிர்வில் நடுவே ஓர் உயர்ந்த கோடு, இருபுறமும் இரண்டிரண்டு குட்டிக் கோடுகள். மூலக்கூற்றில் இரண்டு தைத்தேனியம் இருந்தால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். இயற்கையே போட்டுத்தந்த கையெழுத்து இது. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

தனிக்கோட்டை நம்பினால் என்ன ஆகும்? இந்த உறைபனி முறைக்கு 1954 இல் வழி திறந்தவர்களில் ஒருவர் ஜோர்ஜ் பிமென்ரெல். 1969 இல் மரினர் 7 விண்கலம் அனுப்பிய நிறமாலையைப் பார்த்து, செவ்வாயின் தென்துருவப் பக்கம் மெதேனும் அமோனியாவும் இருப்பதாக அவரது குழு அறிவித்தது. பிறகு பார்த்தால், எல்லாம் உறைந்த காபனீரொட்சைட்டின் கோடுகள்! அவருக்கே அப்படி என்றால் நீயும் நானும் எம்மாத்திரம்?

மேலைநாட்டார் விளையாட்டு என்று ஒதுக்காதே. கடலுக்கு அக்கரையில், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் பொஸ்பேற்று மூலக்கூறுகளின் உருவத்தை இதே முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இனி இல்மனைட்டு. அதில் இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனாலும் ஒட்சிசனைப் பிடிப்பதில் அந்த இரண்டு உலோகங்களும் ஒன்றல்ல. காபனீரொட்சைட்டிலிருந்து ஓர் ஒட்சிசனைப் பிடுங்க மூலுக்கு ஏறத்தாழ 530 கிலோயூல் செலவு. தைத்தேனியம் அதைப் பிடித்தால் 660 அளவில் திரும்பக் கிடைக்கும். இரும்புக்கு 400 சொச்சம்தான். ஆனால் இலாபக் கணக்கோடு நின்றுவிடாதே. தடை இல்லை என்பதை அந்தக் கணக்குச் சொல்லாது. அந்த உறைபனியில் எடுத்த நிறமாலைதான் சொல்லும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்