கைக்கு முன்னே செல்லும் மனம்

நுழையும்முன்

கை ஒரு செயலைச் செய்வதற்கு முன்பே மனம் அச்செயலை ஒருமுறை செய்து பார்த்துவிடுகிறது. இந்த ஆற்றல் மாந்தரிடம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது? எந்நேரத்தில் அது தளர்கிறது? திருவள்ளூர் மாவட்டத்தின் இரண்டு இடங்களைக் கொண்டு இப்பாடம் அதனை ஆராய்கிறது.

சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கொசத்தலையாற்றுப் படுகையில் அமைந்திருக்கிறது அத்திரம்பாக்கம். பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அருகிலுள்ள இச்சிற்றூரில் 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட், வில்லியம் கிங் என்னும் நிலவியலாளர்கள் இருவர் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தனர். பின்னர் 1999ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் தலைமையில் அங்கு விரிவான அகழாய்வு நடைபெற்றது. அங்குக் கிடைத்த மிகப்பழைய கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்னும் முடிவு 2011இல் வெளியாயிற்று. அவற்றைச் செய்தவர் யாவர் எனச் சொல்வதற்கு மனித எலும்பு எதுவும் அவ்விடத்தில் கிடைக்கவில்லை. கல் மட்டுமே சாட்சி.

அந்தச் சாட்சி கூறுவது என்ன? கைக்கோடரி செய்பவர் ஒரு கல்லை இருபுறமும் செதுக்கிச் செதுக்கி, தேவையான வடிவத்தை அக்கல்லிலேயே கொணர்கிறார். ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் அத்திரம்பாக்கத்தில் வேறொரு முறை தோன்றத் தொடங்கியதாக 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ‘லெவல்லுவா’ எனப்படும் அம்முறையில், மூலக்கல்லின் விளிம்புகளும் மேற்பரப்பும் முதலில் பல அடிகளால் சீரமைக்கப்படுகின்றன. அவ்வடிகளில் விழும் சில்லுகள் பெரும்பாலும் கழிவே. இறுதியாக ஓர் அடி. விரும்பிய வடிவில் ஒரு செதில் பெயர்ந்து விழுகிறது. அந்தச் செதிலே கருவி. அஃதாவது, இன்னும் பிறவாத செதிலின் வடிவத்தைச் செய்பவர் தம் மனத்தில் தாங்கியிருந்தார். அதற்காகவே முந்தைய அடிகள் யாவும் விழுந்தன. கைக்கோடரிக்கும் திட்டம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பயனை ஒத்திவைத்து, படிகளை வரிசைப்படுத்தும் அறிதிறன் இங்கு ஒருபடி உயர்ந்து நிற்கிறது.

இனம் நெடுங்காலம் நடந்துவந்த இப்பாதையில் ஒவ்வொரு குழந்தையும் தானும் நடந்தாக வேண்டியிருக்கிறது. பொம்மை ஒன்றைத் துணியால் மூடினால் ஐந்து மாதக் குழந்தை அதனைத் தேடுவதில்லை. சுமார் எட்டு மாதத்திற்குப் பின் துணியை விலக்கிப் பார்க்கிறது. கண்ணில் படாத பொருளும் இருக்கிறது என்னும் அறிவு அப்போது செயலாக வெளிப்படுவதாகச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே விளக்கினார். இல்லாததை மனத்தில் நிறுத்தும் இத்திறனே பின்னர் கணக்குப் போடவும், சதுரங்கத்தில் மூன்று நகர்வு முன்னதாக எண்ணவும் உதவுகிறது. ஒரே நேரத்தில் மனம் ஏந்தக்கூடிய செய்திகள் ஏறத்தாழ ஏழு என ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். நான்கே என்று பிற்கால ஆய்வுகள் அதனைக் குறைத்தன. மாந்தர் படைத்த அனைத்தும் இந்தச் சிறிய கைப்பிடிக்குள் இருந்து எழுந்தவை என்பது வியப்புக்குரியது.

திட்டமிடுதல், அவசரத்தை அடக்குதல், விளைவை எண்ணிப் பார்த்தல் ஆகியவற்றில் மூளையின் நெற்றிப்பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. மூளையில் இறுதியாக முதிர்ச்சியடையும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. பயன்படாத நரம்பிணைப்புகள் களையப்படுவதும், பயன்படும் நரம்பிழைகளின்மீது கொழுப்புறை படிந்து செய்தி விரைவதும் இருபது வயதைக் கடந்தும் தொடர்கின்றன. ஆகவே பதினேழு வயதினர் அறிவிற் குறைந்தவர் எனக் கொள்ளுதல் பிழை. அமைதியான சூழலில் அவர்கள் பெரியவர்களுக்கு நிகராகவே சிந்திக்கின்றனர். நண்பர்கள் சூழ்ந்திருக்கும்போதுதான் வேறுபாடு தோன்றுகிறது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டு ஒன்று பயன்படுத்தப்பட்டது. ஒத்த வயதினர் உடனிருந்தபோது வளரிளம் பருவத்தினர் தனித்திருந்ததைவிட மிகுதியாக ஆபத்தை ஏற்றனர். வயது முதிர்ந்தோரிடம் அத்தகைய மாற்றம் தோன்றவில்லை.

இவ்வுண்மை விளையாட்டோடு நிற்பதில்லை. அதே மாவட்டத்தின் வடகிழக்கில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கிறது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்திற்கும் அதனைச் சூழ்ந்த ஆலைகளுக்கும் உள்ளூர் இளைஞர்களும் பிற மாநிலத்தவரும் நாள்தோறும் மூன்று ஷிப்டுகளில் வேலைக்குச் செல்கின்றனர். தொழிற்கூடங்களில் காணப்படும் ‘பவர் பிரஸ்’ என்னும் அழுத்துப்பொறியை எண்ணிப் பார்ப்போம். தகட்டை வைத்துப் பொத்தானை அழுத்தினால் அச்சு இறங்கும். கை உள்ளே இருக்கும்போது அச்சு இறங்கினால் விரல்கள் போகும். ஆகவே சில பொறிகளில் இரண்டு பொத்தான்கள் இடைவெளிவிட்டு அமைக்கப்படுகின்றன. இரு கைகளாலும் ஒருங்கே அழுத்தினால்தான் பொறி இயங்கும். தொழிலாளியின் கவனம் எந்நொடியிலும் வழுவக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்ட வடிவமைப்பு இது. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ஒரு பொத்தானைக் கட்டிவைத்துவிட்டு மறுகையால் தகட்டை எடுப்பவர், அறியாமையால் அவ்வாறு செய்வதில்லை. அருகிலிருப்பவர் செய்கிறார், இதுவரை ஒன்றும் நேரவில்லை, ஆதலால் செய்கிறார். பதினெட்டு வயது நிறையாதவர்களை, ஆபத்தை முழுமையாக விளக்கிப் பயிற்சியோ தக்க மேற்பார்வையோ அளிக்காமல் ஆபத்தான பொறிகளில் ஈடுபடுத்தலாகாது என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்ததன் பொருத்தம் இங்கு விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் செயல்திறன் அளவிற்குக் குறைவதாக டாசன், ரீட் ஆகிய ஆய்வாளர்கள் 1997இல் கண்டறிந்தனர்.

அறிதிறன் முதுமையில்தான் தளரும் என்பது பரவலான எண்ணம். உண்மையில் அது ஒவ்வோர் இரவும் தளர்ந்து, ஒவ்வொரு காலையிலும் மீள்கிறது. பின்னிரவு மூன்று மணி முதல் ஐந்து மணி வரை உடலின் வெப்பநிலை தாழ்ந்து விழிப்புநிலையும் தாழ்கிறது. அந்நேரத்தில் சில நொடிகள் மட்டும் நீடிக்கும் குறுந்தூக்கம், தூங்கியவருக்கே தெரியாமல் வந்துபோகிறது. பகலில் தகரக் கூரையின் கீழ், வெயிலிலும் இரைச்சலிலும் உறங்கி எழுந்து மீண்டும் இரவுப்பணிக்கு வருபவரிடம் ‘கவனமாக இரு’ என்று சொல்வதனால் மட்டும் கவனம் வந்துவிடாது. அவருக்கு வேண்டுவது உறக்கம்.

ஆண்டுகள் செல்லச் செல்ல நேரும் மாற்றம் வேறுவகையானது. புதிய சிக்கலை விரைந்து தீர்க்கும் திறனையும், பட்டறிவால் திரண்ட திறனையும் ரேமண்ட் கேட்டல் என்னும் உளவியலாளர் பிரித்துக் காட்டினார். முன்னது இளமைக்குப் பின் மெல்லக் குறைகிறது. பின்னது நெடுங்காலம் நிலைக்கிறது. இரும்பாலையில் முப்பதாண்டு பணியாற்றியவரின் கை சற்றுத் தாமதமாக நகரலாம். ஆனால், உருளையின் ஓசை மாறியதைக் கேட்டே தாங்குருளை பழுதுபட்டதை அவர் உணர்ந்துவிடுவார். சாவியை வைத்த இடம் மறப்பது இயல்பான முதுமை. சாவி எதற்கு உதவும் என்பதே மறந்துபோனால் அது நோய். மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மனத்தின் கைப்பிடி சிறியது என்று அறிந்த மாந்தர், அதற்குத் துணையாகப் பழக்கங்களை உருவாக்கினர். கும்மிடிப்பூண்டி வழியே வடக்கு நோக்கி விரையும் தொலைதூரத் தொடர்வண்டிகளில், ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் ஒவ்வொரு சைகையையும் கண்டு, அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்கின்றனர். கண் கண்டதை வாய் சொல்ல, செவி கேட்க, கவனம் நழுவும் வாய்ப்புக் குறைகிறது. ஆலைகளில் பொறியைப் பழுதுபார்க்க உள்ளே இறங்குபவர், மின்விசையை நிறுத்தி, அதில் தம் பூட்டைப் பூட்டித் தம் பெயர்ச்சீட்டைத் தொங்கவிடும் முறையும் இத்தகையதே. சாவி அவருடைய சட்டைப்பையில் இருக்கும். அவர் வெளியே வந்து திறக்கும்வரை, வெளியில் நிற்பவர் மறந்தாலும் பொறி ஓடாது.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இரவுப்பணி செய்யும் ஒருவருடன் உரையாடி, உறக்கத்தை விரட்ட அவர் கையாளும் வழிகளையும் அவை எந்த அளவிற்குப் பயன்படுகின்றன என்பதையும் எழுதுக.