லாரி வந்தது; சரக்கு முழுதாக வந்ததா?

சரக்குப் போக்குவரத்தில் திருட்டு என்ற பேச்சு நம் சங்கக் கூட்டங்களில் எழும்போதெல்லாம், லாரியோடு சரக்கைக் கடத்திச் சென்ற சம்பவங்களையே நண்பர்கள் முதலில் சொல்கிறார்கள். பத்திரிகைகளில் வருபவை அவைதாம் என்பதால் மனத்தில் நிற்கின்றன. ஆனால் மளிகைக் கடைக்காரருக்கும் சிறு மொத்த வியாபாரிக்கும் ஆண்டு முழுவதும் நட்டம் உண்டாக்குவது அந்தப் பெரிய கடத்தல் அன்று. மூட்டைக்கு ஒரு கிலோ, அரைக் கிலோ என்று கசிந்து போகிறதே, அதுதான். அதைவிட வருந்தத்தக்கது, அந்த நட்டத்துக்கு ஈடு கேட்கும் உரிமையைப் பெரும்பாலும் நாமே நம் கையெழுத்தால் விட்டுக்கொடுத்து விடுகிறோம் என்பதாகும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லாத்தூரிலிருந்து 50 கிலோ மூட்டையாக 100 மூட்டை துவரம் பருப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு 1 கிலோ குறைந்தால் மொத்தம் 100 கிலோ, அதாவது 2 மூட்டை. சரக்கு மதிப்பில் இது 2 சதவீதம். பருப்பு மொத்த வியாபாரத்தில் நமக்கு நிற்பது என்ன என்பது அவரவருக்குத் தெரியும். பல லோடுகளில் அந்த 2 சதவீதமே முழு லாபம். அது வழியில் போய்விட்டால், அந்த லோடு முழுவதையும் வட்டிக்குப் பணம் வாங்கி, இறக்கி, ஏற்றி, சும்மா விற்றதாக ஆகிறது.

இந்த நட்டம் யாருடையது என்பதிலும் நம்மில் பலருக்குத் தெளிவில்லை. "மில்காரர் அனுப்பினார், வந்து சேரவில்லை, அவர்தானே பொறுப்பு?" என்கிறார்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குபவருக்காக லாரிக்காரரிடம் சரக்கை ஒப்படைத்தாலே, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அது வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகவே கொள்ளப்படும். பல மில்களின் பில்லிலும் 'சரக்கு எங்கள் கிடங்கை விட்டு நீங்கியபின் எங்களுக்குப் பொறுப்பில்லை' என்று பொடி எழுத்தில் இருக்கும். ஆகவே, கடை வாசலில் சேர்க்கும்வரை பொறுப்பு மில்காரருடையது என்று ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்கியிருந்தால் தவிர, வழியில் குறைவது நம் சரக்கு, நம் பணம்.

எங்கே கசிகிறது?

ஓடும்போது திருடுவதைவிட, நிற்கும்போது திருடுவதே எளிது. சாப்பாட்டுக் கடை வாசலில் இரவு நிறுத்தம், பார்சல் ஆபீஸ் கிடங்கில் ஒரு லாரியிலிருந்து இன்னொரு லாரிக்கு மாற்றும் நேரம், ஊருக்கு வந்த பிறகு விடியும்வரை தெருவில் நிற்கும் நேரம் ஆகியவைதாம் ஆபத்தானவை. தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்து முழு மூட்டையை இறக்கினால் எண்ணிக்கையில் தெரிந்துவிடும். எனவே விவரம் தெரிந்தவர்கள் எண்ணிக்கையில் கை வைப்பதில்லை. கோணியில் குத்தூசியைச் செருகி ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் எடுப்பார்கள். அல்லது வாய்த் தையலைப் பிரித்து அள்ளிவிட்டுத் திரும்பத் தைப்பார்கள். குண்டூர் மிளகாய் போன்ற சரக்கில் எடுத்த எடைக்கு ஈடாகத் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. அந்த மிளகாய் பிறகு பூசணம் பிடித்தால் அது இரண்டாவது நட்டம்.

மெஷினில் தைத்த மூட்டையைக் கையால் திரும்பத் தைத்தால் பார்த்தவுடன் தெரியும். ஆகவே, மில்காரரிடம் வண்ண நூலில் இரட்டைத் தையல் போட்டு அனுப்பச் சொல்வதும், தையல்மேல் ஒரு மைக்கோடு இழுக்கச் சொல்வதும் அதிகச் செலவில்லாத காவல். சிப்பம் ஒவ்வொன்றிலும் வரிசை எண் எழுதி வாங்கும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். எண் உள்ள மூட்டையில் கை வைக்கத் தயங்குகிறார்கள் என்பது அவர்கள் அனுபவம்.

வே பிரிட்ஜ் எடைச் சீட்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு சொல். லாரியின் டீசல் டேங்க் 300 லிட்டர் கொள்வதாக இருந்தால், அது நிறைந்திருப்பதற்கும் காலியாக இருப்பதற்கும் ஏறக்குறைய 250 கிலோ வித்தியாசம். சரக்கோடு எடை போடும்போது டேங்க் நிறைந்தும், டிரைவரும் கிளீனரும் கேபினிலும், ஸ்டெப்னி டயர் மேலேயும் இருந்து, இறக்கியபின் வெறும் வண்டி எடைக்கு இவையெல்லாம் குறைந்திருந்தால், ஐந்து மூட்டைப் பருப்பு இல்லாமலே சீட்டில் எடை சரியாக இருக்கும். வே பிரிட்ஜ் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதோடு கூட, நாமே தேர்ந்தெடுத்த பத்து மூட்டைகளையாவது நம் கடைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். அந்தப் பத்தைச் சுமைதூக்குபவர் எடுத்துத் தரக்கூடாது. நடு அடுக்கிலிருந்தும் ஓரத்திலிருந்தும் நாமே காட்ட வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

சில ஆண்டுகளுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். குண்டூரிலிருந்து 60 மூட்டை மிளகாய். மாலை ஏழு மணி, கடையில் கூட்டம். டிரைவர் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, இன்னும் மூணு கடைக்கு இறக்கணும், சீக்கிரம் போடுங்க" என்று அவசரப்படுத்தினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. 'சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சிட்டிருந்த இடத்தில் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை பார்த்தால் 9 மூட்டைகள் கைத்தையல், அடியில் ஈரம். காயவைத்து எடை போட்டதில் 74 கிலோ குறைவு.

அவருடன் நாங்களும் பார்சல் ஆபீசுக்கு மூன்று முறை போனோம். "நல்ல நிலையில் வாங்கியதாக நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியும் அதே காகிதத்தைத்தான் காட்டியது. பல ஆண்டுகள் தவறாமல் பிரீமியம் கட்டியவர் அவர்.

அன்று அவர் எழுதியிருக்க வேண்டியது ஒரே வரிதான்: '60 மூட்டைகளில் 9 மூட்டைகள் கைத்தையல், ஈரம், எடை பார்க்கப்படவில்லை, பார்த்தபின் குறைவு தெரிவிக்கப்படும்.' லாரிக்காரரின் பிரதியிலும் நம் பிரதியிலும் இதை எழுதி, டிரைவரின் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் மறுத்தால், மறுத்தார் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. மூட்டைகள் லாரியில் இருக்கும்போதே, வண்டி எண் தெரியும்படி நாலு படம் எடுப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

வாய்ப்பேச்சில் நாள் கடத்துவது அடுத்த தவறு. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. பழைய 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது இது. இதன்படி வழக்குப் போடும் முன், சரக்குப் புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். கணக்கு நம் கைக்குச் சரக்கு வந்த நாளிலிருந்து அன்று, புக் செய்த நாளிலிருந்து. ரயிலில் வந்த சரக்குக்கும் ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதம்தான். "பார்க்கலாம் சார், மேனேஜர் வரட்டும்" என்று சொல்லியே இந்த நாட்களைத் தள்ளுபவர்கள் உண்டு. ஆகவே குறைவு தெரிந்த அன்றே கடிதம் எழுதி, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வழியில் அனுப்பிவிடுவது நல்லது.

அந்தச் சட்டத்தில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. லாரிக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று ரசீதில் முத்திரை குத்தியிருப்பதைக் கண்டு பலர் பேசாமல் வந்துவிடுகிறார்கள். அந்த முத்திரை கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து லாரிக்காரரை விடுவிக்காது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே பழைய சட்டத்தின் கீழ் வந்த வழக்கில் கூறியுள்ளது.

ஆனால் தொகையில்தான் சிக்கல். அதிகப் பொறுப்புக்கான கூடுதல் கட்டணம் கட்டாமல் புக் செய்திருந்தால், பொதுவாக லாரிக்காரரின் பொறுப்பு கட்டணத்தைப் போலப் பத்து மடங்கோடு நின்றுவிடும். 60,000 ரூபாய் ஏலக்காயை 400 ரூபாய் கட்டணத்தில் பார்சல் போட்டு, அது தொலைந்தால், சட்டப்படி 4,000 ரூபாய்! போடிநாயக்கனூரிலிருந்து ஏலக்காய் வாங்குபவர்கள் இந்த வரியை மறுமுறை படிக்க வேண்டுகிறோம். எடை குறைந்து விலை அதிகமான சரக்குக்கு, புக் செய்யும் படிவத்தில் மதிப்பை உண்மையாகக் குறிப்பிட்டு, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு வாங்குவதோ, தனியாக இன்சூரன்ஸ் எடுப்பதோ தவிர வழியில்லை. மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பழகியவர்களுக்கு இது கசப்பாக இருக்கும். என்ன செய்வது, குறைத்துக் காட்டிய மதிப்புக்குமேல் ஒரு ரூபாய் கேட்க முடியாது.

இன்சூரன்ஸ் என்றவுடன் எல்லாம் ஒன்று என நினைக்கிறோம். உள்நாட்டுப் போக்குவரத்துப் பாலிசியில் ஏ, பி, சி என்று மூன்று வகை நிபந்தனைகள் உண்டு. சி வகை நெருப்பு, இடி மின்னலுக்கு மட்டும். பி வகையில் லாரி மோதுவது, கவிழ்வது, பாலம் உடைவது போன்றவை சேரும். இரண்டிலும் திருட்டு கிடையாது! பிரீமியம் குறைவு என்று ஏஜெண்ட் சொன்னதைக் கேட்டு பி வகை எடுத்துவிட்டு, மூட்டை போனபின் பாலிசியைப் புரட்டிப் பயனில்லை. ஏ வகை எடுக்க வேண்டும், அல்லது திருட்டும் சரக்கு சேராமையும் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஏ வகையிலும் இயல்பாக உலர்ந்து குறையும் எடைக்கும், மோசமான சிப்பத்தால் வரும் சேதத்துக்கும் பணம் தரமாட்டார்கள். லாரிக்காரருக்கு நாம் நோட்டீஸ் கொடுத்தோமா என்றும் கேட்பார்கள். ஏனெனில் நமக்குக் கொடுத்ததை அவர்கள் லாரிக்காரரிடம் திரும்பக் கேட்க வேண்டும்.

முழு லாரி போனால்

புரோக்கர் மூலம் தெரியாத லாரியில் முழு லோடு ஏற்றுபவர்களுக்கு வேறு ஆபத்து. போலி நம்பர் பிளேட்டோடு வந்து ஏற்றிக்கொண்டு மறைந்துவிடும் வண்டிகள் உண்டு. அவற்றில் ஆர்.சி. புத்தக நகலும் அசலைப் போலவே இருக்கும். ஆகவே நகலை நம்பாமல், மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, அதில் வரும் விவரமும் எதிரே நிற்கும் லாரியும் ஒன்றா என்று ஏற்றுமிடத்தில் உள்ளவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களை வண்டியிலேயே பார்ப்பது இன்னும் உறுதி. எண் பிளேட்டை மாற்றுவது சுலபம், சேசிஸில் பொறித்ததை மாற்றுவது கடினம். வாடகையில் ஒரு கணிசமான பகுதியைச் சரக்கு இறக்கியபின் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இ-வே பில்லைச் சோதனைச் சாவடிக்கான காகிதமாக மட்டும் பார்க்கிறோம். அதில் வண்டி எண் இருக்கிறது. வழியில் லாரி மாறினால் புதிய எண்ணைப் பதிய வேண்டும். ஏற்றிய வண்டி வேறு, பில்லில் உள்ள வண்டி வேறு என்றால் உடனே போன் செய்ய வேண்டிய நேரம் அது. திருடுபோன சரக்குக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவும் கிடையாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். நட்டக் கணக்குப் போடும்போது இதை நம் ஆடிட்டர்கூடச் சில சமயம் மறந்துவிடுகிறார்.

போலீசில் புகார் கொடுக்கப் போனால், "ஏற்றியது ஆந்திராவில், காணாமல் போனது எங்கே என்று தெரியாது, எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்று திருப்பி அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்பது எழுத்திலேயே வந்துவிட்டது. நம்பி ஒப்படைத்த சரக்கை எடுத்துச் செல்பவரே கையாடினால் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அது நியாய சன்ஹிதாவில் 316ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு. புகாரோடு பில், லாரி ரசீது, இ-வே பில், டிரைவரின் லைசென்ஸ் நகல், ஏற்றும்போது எடுத்த படம் ஆகியவற்றை இணையுங்கள். பதிவான முதல் தகவல் அறிக்கையின் நகலை அங்கேயே கட்டணமின்றிக் கேட்டு வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.