ஒரே கடிதம், நூறு வாடிக்கையாளர்

கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் வியாபாரிகளுக்கு மாத இறுதியில் பெரும் தலையிடி நிலுவைக் கடிதம்தான். சென்ற மாதக் கடிதத்தைத் திறந்து, பெயரையும் தொகையையும் மாற்றி அச்செடுப்பதே பலரின் வழக்கம். ஓரிடத்தில் பழைய விபரம் தங்கிவிட்டால் ஒருவரின் கடன் மற்றவருக்குத் தெரிந்துவிடும். பணத்தைவிட நம்பிக்கை பெரிதல்லவா? ஆகவே, நான் கையாளும் முறையை இங்கே தருகிறேன்.

முதலில் எக்ஸெலில் பெயர், முகவரி, நிலுவை, தவணைத் திகதி என நிரல்களை அமையுங்கள். ஒருவருக்கு ஒரு வரி. பின்னர் வேர்டில் கடிதத்தை ஒரே தடவை எழுதி, 'மெய்லிங்ஸ்' பகுதியினூடாக அப்பட்டியலை இணையுங்கள். மாறும் இடங்களில் உரிய நிரலின் பெயரைச் செருகினால் போதும். இதுவே மெயில் மேர்ஜ்.

இதில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். எக்ஸெலில் 1,25,000 அல்லது 125,000 என்று தெரியும் தொகை, கடிதத்தில் காற்புள்ளியின்றி 125000 என வரலாம். திகதியோ அமெரிக்க முறையில் மாதம் முன்னால் வரக்கூடும். ஜூலை 5 என்பது 7/5 ஆகிவிட்டால், மே 7 என்று வாடிக்கையாளர் வாதிடுவார். எனவே மாதத்தை எழுத்திலேயே இடுங்கள்.

ஒவ்வொருவரின் கடிதத்தையும் அவரவர் பெயரில் தனி பீ.டி.எஃப். கோப்பாகச் சேமிக்க வேண்டுமா? அதற்கு மெக்ரோ தேவை. வேர்ட் 97 முதல் வேர்டுக்குள்ளேயே விஷுவல் பேசிக் மொழி இருக்கிறது. 'ஓல்ட்' விசையுடன் 'எஃப் 11' ஐ அழுத்தினால் அதன் எழுதுபலகை திறக்கும். கட்டளையின் சாரம் இதுதான்: முதல் வரியை எடு, கடிதத்தை உருவாக்கு, பெயரிட்டுச் சேமி, மூடு, அடுத்த வரிக்குச் செல். பட்டியல் முடியும்வரை இதுவே சுழலும்.

ஓர் எச்சரிக்கை. 1999 இல் உலகை அலைக்கழித்த மெலிஸா வைரஸ் வேர்ட் மெக்ரோவாகவே பரவியது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மெக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசொஃப்ட் தானாகவே தடுக்கிறது. யாரோ அனுப்பிய 'விலைச்சிட்டை' கேட்கிறதே என்று அத்தடையை நீக்காதீர்கள்.

முதலில் மூன்று பெயர்களுடன் பரீட்சித்துப் பாருங்கள். பேரேட்டுடன் தொகைகள் ஒத்துப்போனால் மட்டும் முழுப் பட்டியலையும் ஓட்டுங்கள். பட்டியலில் உள்ள பிழையைக் கணினி திருத்தாது; நூறு கடிதங்களிலும் அப்படியே அச்சிட்டுத் தரும்.